யோசிக்க உட்காரும்போது நாம் செய்யும் தவறுகள்

காலை ஐந்து மணிக்கு அலாரம் அடிக்கும். நிறுத்தப் போனை எடுப்பேன். ராத்திரி வந்த வாட்ஸ்அப் செய்திகள் நாலைந்து காத்திருக்கும். பார்த்துவிட்டு வைத்துவிடலாம் என்று திறப்பேன். நிமிர்ந்து பார்த்தால் பால்காரர் வாசலில் நிற்பார். யோசிப்பதற்காகவே எழுந்த நேரம் இப்படியே இரண்டு வருடம் போனது.

போனைக் கவிழ்த்து வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். யாராவது பதில் போட்டிருப்பார்களோ என்று மனசு அங்கேயே ஒரு கண் வைத்திருக்கும். ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவினால், கவனத்தில் ஒரு பங்கு பழைய வேலையிலேயே ஒட்டிக்கொள்கிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-ல் எழுதினார். பாதி படித்த செய்தியும் அப்படித்தான் ஒட்டிக்கொள்ளும். நான் ஒரு மேசைக் கடிகாரம் வாங்கினேன். போன் இரவே சமையலறை அலமாரிக்குப் போய்விடுகிறது.

முழு நிசப்தம் வரட்டும் என்று காத்திருப்பதும் வீண். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வரம்பு வைத்திருக்கின்றன. ஆடி மாதம் ஸ்பீக்கர் கட்டிய தெருவில் அது எந்த மூலைக்கு? கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் ராமானுஜன் கணக்குப் போட்டார். கோயில் வாசல் தெரு, ஆள் நடமாட்டத்துக்குக் குறைவிருந்திருக்காது. காகிதம் வாங்கக் கட்டுப்படியாகாததால் மடியில் சிலேட்டு. எழுதியதை முழங்கையாலேயே அழித்துவிட்டு மேலே போவார். அந்த மேதைமை நமக்கு வராது. ஆனால், மடியில் ஒரு கணக்கோடு உட்கார நம்மாலும் முடியும்.

கேள்வி இல்லாமல் உட்காருவதைத்தான் நான் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறாக நினைக்கிறேன். 'எதிர்காலத்தைப் பற்றி யோசிக்கலாம்' என்று உட்கார்ந்தால் மனசு கரண்ட் பில்லுக்கும் நேற்றைய சண்டைக்கும் போய்விடும். முந்தின இரவே நோட்டில் ஒரு வரி எழுதி வையுங்கள். 'அம்மாவை ஊரிலிருந்து அழைத்து வருவதா, நான் வாரம் ஒருமுறை போய் வருவதா?' என்று ஒருநாள் எழுதினேன். மறுநாள் காலை அதற்குக் கீழே இரண்டு பக்கம் செலவு, தூரம், ஆஸ்பத்திரி என்று ஓடியது. மூன்றாம் பக்கத்தில்தான், அம்மாவிடம் நாம் கேட்கவே இல்லையே என்று உறைத்தது.

முதல் சில நிமிடங்களில் கை பரபரக்கும். எழுந்துவிடாதீர்கள். வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், ஆட்களைத் தனி அறையில் 15 நிமிடம் சும்மா உட்கார வைத்தார்கள். கைக்கெட்டும் இடத்தில் லேசான மின் அதிர்ச்சி தரும் பொத்தான் ஒன்று இருந்தது. அந்த அதிர்ச்சியைத் தவிர்க்கக் காசுகூடக் கொடுப்போம் என்று முன்பு சொன்ன 42 பேரில் 18 பேர், உட்கார முடியாமல் தாங்களே அதை அழுத்திக்கொண்டார்கள். அந்தப் பரபரப்பு உங்களுக்கு மட்டும் வருவதில்லை.

அப்புறம், வேலையெல்லாம் முடிந்த ராத்திரி 11 மணியை இதற்கு ஒதுக்க வேண்டாம். அது தூக்கத்துக்குரிய நேரம்.

நீங்கள் கதவைச் சாத்திக்கொள்ளும்போது அடுப்பையும் குழந்தையையும் யார் பார்க்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான். அவர்களுக்கும் யோசிக்க எவ்வளவோ இருக்கிறது. எங்கள் வீட்டில் செவ்வாய், வியாழன், சனி காலைகளில் அடுப்படி என் பொறுப்பு. மனைவி நோட்டோடு மொட்டை மாடிக்குப் போய்விடுவார். "அம்மா எங்கப்பா?" என்று மகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தால், "ஆறரைக்கு வருவாங்க கண்ணு" என்று சொல்லிப் பால் ஆற்றிக் கொடுக்கிறேன்.