சுவரும் சீலிங்கும் சேரும் இடத்தில் பெயிண்ட் கோடு நேராக வர என்ன செய்யலாம்?

புதிதாகப் பெயிண்ட் அடித்த அறைக்குள் நுழைந்ததும் கண் முதலில் நிறத்தைப் பார்க்கும். அடுத்து மேலே போய், சுவரும் சீலிங்கும் சேரும் கோட்டில் நிற்கும். அந்தக் கோடு அலை அலையாக இருந்தால், எவ்வளவு நல்ல பெயிண்ட் வாங்கியிருந்தாலும் வேலை அரைகுறையாகத்தான் தெரியும். சுவரின் நடுப்பகுதியை ரோலரால் உருட்ட யாரும் சீக்கிரம் பழகிவிடலாம். மேல் ஓரத்துக்குத்தான் கொஞ்சம் முறை தெரிய வேண்டும்.

முதன்முதலாக அடிக்கிறவர்கள் பெரும்பாலும் மாஸ்கிங் டேப்பை நம்பி இறங்குகிறார்கள். டேப்புக்கும் இடம் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் முதலில் பழக வேண்டியது வெறும் பிரஷ்ஷால் கோடு இழுப்பதுதான். இதைப் பெயிண்டர்கள் கட்டிங் என்பார்கள். இதில் கை நடுங்காமல் இருப்பதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது: பிரஷ்ஷில் போதுமான பெயிண்ட் இருக்க வேண்டும். முடியின் நுனிக்கு முன்னால் மெல்லிய திரட்சியாக நகரும் பெயிண்ட்தான் கோட்டைப் போடுகிறது. முடி அதைத் தள்ளிக்கொண்டு மட்டும் போகிறது. காய்ந்த பிரஷ்ஷை வைத்து எவ்வளவு கவனமாக இழுத்தாலும் கோடு திட்டுத்திட்டாகவே வரும்.

முதலில் சீலிங், அப்புறம் சுவர்

சீலிங்கும் சுவரும் இரண்டுமே அடிக்கப் போகிறீர்கள் என்றால் சீலிங்கை முதலில் முடித்துவிடுங்கள். அடிக்கும்போது சீலிங் நிறம் சுவரில் 2, 3 செ.மீ. இறங்கினால் கவலைப்படாதீர்கள். சொல்லப்போனால், வேண்டுமென்றே இறக்கி அடியுங்கள். பிறகு சுவர் நிறம் அதன் மேல் ஏறி மூடிவிடும். துல்லியமாகப் போட வேண்டிய கோடு ஒன்றே ஒன்றுதான் மிஞ்சும். வரிசையை மாற்றினால் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டு சீலிங் ஓரத்தில் கோடு இழுக்க வேண்டியிருக்கும். அது கழுத்துக்கும் கைக்கும் கஷ்டம். போதாததற்கு, சீலிங்கிலிருந்து தெறிக்கும் துளிகளும் முடித்த சுவரில் விழும்.

சுவரை மட்டும் அடிக்கிறவர்கள், பழைய சீலிங் பெயிண்ட் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து ஒரு சின்ன டப்பாவில் எடுத்து வையுங்கள். கடைசியில் திருத்தம் செய்ய அது வேண்டும்.

ஓரத்தைத் தயார் செய்தல்

ஒட்டடையும் தூசியும் அதிகம் சேரும் இடம் இந்த மூலைதான். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு, நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் ஒருமுறை துடையுங்கள். தூசியின் மேல் அடித்த பெயிண்ட் சுவரைப் பிடிக்காது, பிரஷ்ஷும் வழுக்கும். பழைய பெயிண்ட் மேடு கட்டியிருந்தால் 150 அல்லது 180 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். முகக் கவசம் போட்டுக்கொள்ளுங்கள். மிகப் பழைய கட்டடம் என்றால் அடியில் இருக்கும் பெயிண்டில் ஈயம் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. அப்படிச் சந்தேகம் இருந்தால் உலர்வாகத் தேய்க்கவே கூடாது. பரிசோதித்துத் தெரிந்துகொண்ட பிறகு தொடுவதுதான் பாதுகாப்பு.

மூலையில் மயிரிழை விரிசல் ஓடினால் கோடு அந்த இடத்தில் உடைந்து தெரியும். பெயிண்ட் ஏறக்கூடிய அக்ரிலிக் சீலன்டை மெல்லிய கோடாகப் பிதுக்கி, ஈர விரலால் ஒரே இழுப்பில் வழித்துவிடுங்கள். சிலிக்கான் சீலன்ட் வேண்டாம், அதன் மேல் பெயிண்ட் ஒட்டாது. சீலன்ட் உலர எவ்வளவு நேரம் என்று குழாயின் மேலேயே எழுதியிருக்கும். அதுவரை பொறுங்கள்.

சீலிங் சொரசொரப்பாக, மணல் மணலாக இருந்தால் ஒரு சின்ன உத்தி. தட்டை முனை ஸ்க்ரூடிரைவரைச் சுவரோடு ஒட்டி வைத்து, சீலிங் ஓரத்தில் உள்ள மணிகளை மட்டும் மூன்று நான்கு மி.மீ. அகலத்துக்குச் சுரண்டிக்கொண்டே போங்கள். பிரஷ் முடி போய் நிற்க ஒரு சின்னப் பள்ளம் கிடைக்கும். கீழே நின்று பார்க்கிறவருக்குப் பள்ளம் தெரியாது, கோடு மட்டும் தெரியும். இங்கேயும் பழைய சொரசொரப்பு என்றால் சுரண்டும் முன் எச்சரிக்கை தேவை. அந்தக் காலப் பூச்சுகள் சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கிறார்கள்.

இன்னொரு பிரச்சினை, மூலையே நேராக இல்லாமல் இருப்பது. பூச்சு வேலையில் மூலை உருண்டு போயிருக்கும், அல்லது நெளிந்திருக்கும். மூலையைப் பிடித்துக்கொண்டே போனால் கோடும் நெளியும். பார்க்கிறவர்களின் கண்ணுக்கு மூலை எங்கே இருக்கிறது என்பது முக்கியமில்லை. இரண்டு நிறங்களும் சந்திக்கும் கோடு நேராக இருக்கிறதா என்பதுதான் தெரியும். அதனால் மூலையிலிருந்து 2, 3 மி.மீ. கீழே, சுவரிலேயே கோட்டை அமையுங்கள். மேலே மிஞ்சும் அந்த மெல்லிய பட்டை சீலிங் நிறத்திலேயே இருக்கட்டும். சுவரின் இரண்டு முனையிலும் ஒரு புள்ளி வைத்து, நடுவே நூலை இழுத்துக் கட்டி, பென்சிலால் மிக லேசாகக் குறித்துக்கொள்ளலாம். ரசமட்டமோ லேசர் மட்டமோ வைத்துக் குறிக்கும்போது கவனம் தேவை. சீலிங் ஒரு பக்கம் சற்று இறங்கியிருந்தால், மட்டமான கோடு ஒரு முனையில் சீலிங்கை ஒட்டியும் மறுமுனையில் விலகியும் நின்று காட்டிக்கொடுத்துவிடும். சீலிங்கின் போக்கை ஒட்டிப் போகும் நூல்தான் எனக்குப் பிடித்த வழி.

என்னென்ன வேண்டும்

இரண்டு அல்லது இரண்டரை அங்குலப் பிரஷ், முடி சாய்வாக வெட்டப்பட்டது. கைப்பிடியைச் சாய்த்துப் பிடித்தாலும் முடியின் விளிம்பு கோட்டோடு சேர்ந்து நிற்பதற்காகத்தான் அந்தச் சாய்வு. எமல்ஷன் மாதிரி தண்ணீரில் கரையும் பெயிண்டுக்குச் செயற்கை முடிப் பிரஷ் வாங்குங்கள். இயற்கை முடி தண்ணீரை உறிஞ்சி ஊதிப்போய்த் தொளதொளவென்று ஆகிவிடும். எதில் சிக்கனம் பார்த்தாலும் இந்த ஒரு பிரஷ்ஷில் பார்க்காதீர்கள். பிரிந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றை முடி போதும், கோட்டைத் தாண்டிப் போய்த் தனியாக ஒரு கீறல் போட. அப்படி ஏதாவது இருந்தால் பெயிண்டில் தோய்க்கும் முன்பே வெட்டிவிடுங்கள்.

இது தவிர, கையில் பிடிக்க வசதியான சின்ன வாளி, ஈரத்துணி, பட்டி பிளேடு, ஆடாமல் நிற்கும் மடக்கு ஏணி. அறை இருட்டாக இருந்தால் ஒரு விளக்கைச் சுவரின் ஓரமாகப் பக்கவாட்டிலிருந்து அடிக்கும்படி வையுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். காற்றில் பெயிண்ட் சீக்கிரம் இறுகும், தவிர ஏணியில் நிற்கும்போது மேலே சுற்றும் விசிறி ஆபத்து.

கோடு இழுக்கும் முறை

பெயிண்டை அடிவரை கலக்கி, சின்ன வாளியில் மூன்று நான்கு செ.மீ. உயரத்துக்கு மட்டும் ஊற்றுங்கள். தண்ணீர் எவ்வளவு சேர்க்கலாம் என்பதை டப்பாவில் போட்டிருக்கும் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நீர்த்துப்போன பெயிண்ட் வழியும், கோடு நிற்காது. எமல்ஷன் என்றால் பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்து நன்றாக உதறிவிட்டுத் தொடங்குங்கள். முடியின் அடியில் பெயிண்ட் காய்ந்து கட்டியாகாமல் இருக்கும்.

ஏணியில் ஏறி, கண் சீலிங்குக்கு ஓர் அடி கீழே இருக்கும்படி நில்லுங்கள். ரொம்பக் கீழே நின்று கையைத் தூக்கினால் தோள் சீக்கிரம் களைத்துவிடும், கோடும் சரியாகத் தெரியாது. எட்டி எட்டி அடிக்க வேண்டாம். உடம்பு ஏணியின் இரண்டு கால்களுக்கு நடுவிலேயே இருக்கட்டும். கை சௌகரியமாகப் போகும் தூரம் முடிந்ததும் இறங்கி ஏணியை நகர்த்துங்கள்.

பிரஷ் முடியில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் தோய்த்து, வாளியின் உள்பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டுங்கள். விளிம்பில் வைத்து வழித்துவிடாதீர்கள். பெரும்பாலானவர்கள் பெயிண்ட் சொட்டுமே என்ற பயத்தில் வழித்துவிட்டு, காலி பிரஷ்ஷோடு கோட்டுக்குப் போகிறார்கள். தட்டினால் வெளியே தொங்கும் பெயிண்ட் மட்டும் விழும், முடிக்குள் இருப்பது அப்படியே இருக்கும்.

இப்போது நேராகக் கோட்டுக்குப் போகாதீர்கள். முதல் இழுப்பைக் கோட்டுக்கு இரண்டு செ.மீ. கீழே, ஒரு முழ நீளத்துக்குப் போடுங்கள். அதிகப்படி பெயிண்ட் அங்கே இறங்கிவிடும். அப்புறம் பிரஷ்ஷைப் பேனா பிடிப்பதுபோல முடிக்கு அருகில் பிடித்து, முடியின் நுனி மேலே பார்க்க, சுவரில் சாய்த்து லேசாக அழுத்துங்கள். முடி விசிறி மாதிரி விரியும், நுனிக்கு முன்னால் பெயிண்ட் சின்னதாகத் திரண்டு நிற்கும். அந்தத் திரட்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றி, கோட்டைத் தொட்டதும் பக்கவாட்டில் நகருங்கள். மணிக்கட்டை ஆட்டாமல் கை முழுவதையும் தோளிலிருந்து நகர்த்த வேண்டும். பார்வை முடியின் மேல் இருக்கக் கூடாது. பிரஷ் போகப்போகிற இடத்தில், நாலு விரற்கடை முன்னால் இருக்க வேண்டும். மெதுவாகப் போனால் நேராக வரும் என்று நினைக்கத் தோன்றும், ஆனால் ரொம்ப மெதுவாகப் போகும்போதுதான் கை நடுங்குவது கோட்டில் பதியும். ஒரே சீரான, நிற்காத இழுப்பு வேண்டும்.

கோடு உடைய ஆரம்பித்தால் பெயிண்ட் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அங்கேயே அழுத்தி நீட்டாமல் மறுபடி தோய்த்து வாருங்கள். அடுத்த இழுப்பை, விட்ட இடத்துக்குச் சற்று முன்னால், இன்னும் அடிக்காத சுவரில் தொடங்கி, ஏற்கெனவே ஈரமாக இருக்கும் பகுதிக்குள் கொண்டுபோய் முடியுங்கள். இணைப்பு தெரியாது. கடைசியில் பட்டை முழுவதையும் காலி பிரஷ்ஷால் ஒருமுறை நீளவாக்கில் மெல்ல நீவிவிடுங்கள். பட்டை 5 முதல் 7 செ.மீ. அகலம் இருந்தால் போதும். சுவர்கள் சேரும் மூலையில் பிரஷ்ஷைக் குத்தாதீர்கள், பெயிண்ட் அங்கே தேங்கும். மூலையில் வைத்து வெளிப்பக்கமாக இழுங்கள்.

புதியவர்களுக்கு ஒரு யோசனை: முதல் கோட் (முதல் முறை பூசுவது) அடிக்கும்போது கோட்டுக்கு ஒன்றிரண்டு மி.மீ. கீழேயே நின்றுவிடுங்கள். கைக்கு வேலை பிடிபட்ட பிறகு, இரண்டாவது கோட் அடிக்கும்போது மேலே ஏற்றித் துல்லியமாக முடிக்கலாம்.

ரோலர் எப்போது?

நான்கு சுவருக்கும் ஓரம் அடித்து முடித்துவிட்டு ரோலரை எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். அதற்குள் முதல் சுவரின் ஓரம் காய்ந்துவிடும். அதன் மேல் ரோலர் ஏறும்போது சுவரைச் சுற்றிச் சட்டம் போட்ட மாதிரி ஒரு பட்டை தெரியும். ஒரு சுவருக்கு ஓரம், உடனே அதே சுவருக்கு ரோலர், பிறகு அடுத்த சுவர். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் பிரஷ்ஷோடு முன்னே போக, மற்றவர் ரோலரோடு பின்னாலேயே வரலாம். பிரஷ் விடும் தடமும் ரோலர் விடும் தடமும் வேறுவேறு. அதனால் மேலே முடிக்கும்போது ரோலரைப் படுக்கைவாட்டில் திருப்பி, சீலிங்குக்கு 2, 3 செ.மீ. வரை கொண்டுபோய் உருட்டுங்கள்.

டேப் ஒட்டுவதாக இருந்தால்

கைநடுக்கம் உள்ளவர்களுக்கும், வெள்ளைச் சீலிங்குக்குக் கீழே மிக அடர்ந்த நிறம் அடிப்பவர்களுக்கும் டேப் உதவும். சீலிங் பெயிண்ட் அடித்து ஒரு முழு நாளாவது ஆகியிருக்க வேண்டும். பெட்டி ஒட்டுகிற டேப் கூடாது, பெயிண்ட் வேலைக்கென்றே வரும் டேப்தான் வேண்டும். சீலிங்கை விரலால் தேய்த்துப் பாருங்கள். சுண்ணாம்போ டிஸ்டம்பரோ வெள்ளைப் பொடியாக ஒட்டினால் டேப் அங்கே நிற்காது, நின்றாலும் உரிக்கும்போது பூச்சோடு வரும். அந்தச் சீலிங்குக்குப் பிரஷ் மட்டும்தான் வழி.

ஒட்டியபின் பட்டி பிளேடால் டேப்பின் விளிம்பை நன்றாக அழுத்துங்கள். அப்படியும் அடியில் நுண்ணிய இடைவெளிகள் இருக்கும், பெயிண்ட் அதில் ஊறிப் பல் பல்லாகக் கசியும். இதற்கு நல்ல மருந்து உண்டு. சுவர் நிறத்துக்கு முன்னால், டேப்பின் விளிம்பில் சீலிங் பெயிண்டையே மெல்லியதாக அடித்துக் காயவிடுங்கள். கசிவதெல்லாம் சீலிங் நிறத்தில்தான் கசியும், இடைவெளியும் அடைபடும். அதன் மேல் சுவர் நிறம் அடித்தால் கத்தியால் வெட்டிய மாதிரி கோடு கிடைக்கும். கடைசி கோட் இன்னும் ஈரமாக இருக்கும்போதே டேப்பை மடக்கி, 45 டிகிரி சாய்வில் மெதுவாக உரியுங்கள். காய்ந்துவிட்டிருந்தால் பிளேடால் விளிம்பில் லேசாகக் கீறிவிட்டு உரிக்க வேண்டும்.

கோடு தாண்டிவிட்டால்

உடனே பார்த்துவிட்டால் சிரமமே இல்லை. பட்டி பிளேடின் முனையில் ஈரத்துணியைச் சுற்றி, சீலிங் பக்கமிருந்து மூலை வரை ஒரே இழுப்பில் துடைத்துவிடுங்கள். பாதி காய்ந்து பிசுபிசுப்பாக இருந்தால் தொடாதீர்கள், தேய்க்கத் தேய்க்கக் கறை பரவும். முழுதாகக் காயவிட்டு, எடுத்து வைத்த சீலிங் பெயிண்டைச் சின்னப் பிரஷ்ஷால் அந்த இடத்தில் மட்டும் தொட்டு மூடுங்கள். சீலிங் பெயிண்ட் பெரும்பாலும் பளபளப்பு இல்லாததாக இருப்பதால் திருத்திய இடம் தனியாகத் தெரியாது.

ஆனால் எதைத் திருத்துவது என்று முடிவு செய்யும் முன் ஏணியிலிருந்து இறங்கி, பகல் வெளிச்சத்தில் அறையின் நடுவே நின்று பாருங்கள். ஓர் அடி தூரத்தில் பெரிதாகத் தெரியும் நெளிவுகளில் பாதி தரையிலிருந்து தெரியவே தெரியாது. அவற்றைத் தொட்டுக்கொண்டே இருந்தால் நல்ல கோடும் கெட்டுப்போகும். கீழிருந்து தெரிபவற்றை மட்டும் பென்சிலால் குறித்துவைத்துத் திருத்துங்கள்.

முதல் கோட் அடித்து, இரண்டாவது கோட் அடிக்கச் சில மணி நேரம்தான் இடைவெளி என்றால் பிரஷ்ஷைக் கழுவத் தேவையில்லை. பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் சுற்றி வைத்தால் போதும். வேலை முழுதாக முடிந்ததும், முடியின் அடிவேர் வரை நீர் தெளிவாக வரும்வரை கழுவி, சீவி நேராக்கி, வாங்கும்போது வந்த அட்டை உறையிலேயே போட்டுத் தொங்கவிடுங்கள். உறை இல்லாமல் வாளிக்குள் முடி அழுந்த நிற்கவைத்தால் நுனி வளைந்துவிடும், அடுத்த அறைக்கு அந்தப் பிரஷ் கோடு இழுக்க உதவாது.