ஆன்சென் குளியலுக்கு முன் பலகையைப் பாருங்கள்

ஜப்பானில் ஆன்சென் எனப்படும் வெந்நீர் ஊற்றுக் குளியலுக்குப் போனால், சுவரில் மாட்டியிருக்கும் பலகையைக் கவனியுங்கள். தண்ணீரில் என்ன தாது, யார் இறங்கக் கூடாது, எல்லாம் அதில் இருக்கும். அதைப் படிக்க, மொழிபெயர்க்க என்று உடை மாற்றும் இடத்தில் போனை எடுக்கக் கூடாது. அதனால் வரவேற்பிலேயே கேட்டுவிடுவது நல்லது.

உப்புத் தண்ணீர் என்றால் குளித்தபின் உடம்பைக் கழுவாமல் துடைத்தால் போதும். தோலில் படியும் உப்பு சூட்டைச் சட்டென்று இறங்க விடாது. குளிர்காலத்துக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

சோடியம் பைகார்பனேட் ஊற்று தோலை வழவழவென்று ஆக்கும், 'அழகிகளின் குளியல்' என்றே பெயர். பிறகு தோல் வறளும், கிரீம் தடவுங்கள்.

ஓய்ட்டா மாகாணத்து நாகாயுவில் கார்பன் டை ஆக்சைடு கலந்த நீர். வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், ஆனால் கை ரோமமெல்லாம் சோடாக் குமிழி ஒட்டிக்கொள்ளும். ரத்த ஓட்டத்துக்கு நல்லது என்பார்கள்.

குன்மா மாகாணத்துக் குசாட்சு ஊற்று மட்டும் உஷார்! கந்தகம் கலந்த அமில நீர், பி.எச். சுமார் 2, கிட்டத்தட்ட எலுமிச்சைச் சாறு. வெள்ளி மோதிரம், கொலுசைக் கழற்றிவிடுங்கள், கறுத்துப்போகும். மென்மையான தோல்காரர்கள் கடைசியில் நல்ல தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள். கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்காது.