கொள்ளிடத்து கருமணல்ல குட்டி ரோபோ பண்றது எப்படி

2018-ல ஜெர்மனி ஸ்டுட்கார்ட்ல மெடின் சிட்டிங்கிற ஆராய்ச்சியாளரோட டீம் ஒரு ரோபோ காட்டினாங்க, நீளமே 3.7 மில்லிமீட்டர்தான், கிட்டத்தட்ட ஒரு சீரக சம்பா அரிசி. சிலிகான் ரப்பர்ல காந்தப்பொடி கலந்த ஒரு பட்டை, அவ்ளோதான், மோட்டார் பேட்டரி ஒண்ணும் கிடையாது, வெளிய காந்தப்புலத்த திருப்புனா நடக்கும் உருளும் குதிக்கும் நீந்தும். அந்த ரேஞ்சுக்கு இல்லாட்டியும் அதுக்கு ஒரு ஒன்றுவிட்ட தம்பிய வீட்லயே பண்ணலாம்.

மொதல்ல பொடி. கொள்ளிடத்துல தண்ணி வடிஞ்சதும் மணல் மேல கருப்பா கோடு கோடா கிடக்கும்ல, அதுல மேக்னடைட் இருக்கு, காந்தத்துல ஒட்டுற இரும்புத் தாது. காந்தத்த பிளாஸ்டிக் கவர்ல சுத்தி அதுல உழப்புங்க, மீசை மாதிரி ஒட்டிக்கும், காந்தத்த வெளிய எடுத்தா பொடி உதிந்துரும். கவர் இல்லாம வச்சீங்கன்னா அன்னிக்கு பூரா சுரண்டிட்டு உக்காந்திருக்கணும், நான் உக்காந்தேன். ரெண்டு ஸ்பூன் போதும், மணல் அள்ள வந்த ஆளுன்னு நினைச்சுட போறாங்க. கழுவி காயவச்சு கல்வத்துல நைசா அரைச்சு வேட்டித் துணில சலிச்சுக்கோங்க.

பாத்ரூம் சந்து அடைக்கிற சிலிகான் டியூப் ஹார்ட்வேர் கடைல கிடைக்கும். எடைக்கு எடை பொடி போட்டு சீக்கிரமா கலக்கணும், வினிகர் வாடை அடிக்கும், ஜன்னல திறந்து வைங்க. ஓஎச்பி ஷீட்ல, அதான் கண்ணாடி மாதிரி இருக்க பிளாஸ்டிக் தாள், ரெண்டு ஓரமும் செல்லோ டேப் நாலு அடுக்கு ஒட்டி, நடுவுல கலவைய வச்சு பழைய ஏடிஎம் கார்டால ஒரே இழுப்பு. இங்கதான் எல்லாரும் சொதப்புவாங்க, தடிமனா போச்சுன்னா வளையவே வளையாது, ஸ்டுட்கார்ட் பட்டையே 0.185 மில்லிமீட்டர்தான். உடனே ஷீட்டுக்கு இடமும் வலமும் எதிர் எதிர் முனை பாக்குற மாதிரி காந்தம் வைங்க, பொடி நாத்து நட்ட மாதிரி வரிசை கட்டும். மூடாதீங்க, காத்துல இருக்க ஈரத்துலதான் அது இறுகும். ஒரு நாள் விடுங்க.

வரிசை போற திசையிலயே 1 சென்டிமீட்டர் நீளம் 2 மில்லிமீட்டர் அகலத்துல வெட்டி பவுடர் தடவி கண்ணாடி மேல விடுங்க, எவர்சில்வர் தட்டு வேணாம், சிலது காந்தத்துல ஒட்டும். கீழ காந்தத்த சும்மா நகத்துனா பட்டை இழுபட்டுதான் வரும், அது நடை கிடையாது, விரல்ல உருட்டணும், அப்ப எழுந்து நின்னு குட்டிக்கரணம் போடும். அலை மாதிரி நெளிஞ்சு நடக்கணும்னா நியோடிமியம் காந்தப்பொடி வேணும், அது ஏத்துன காந்தத்த விடாம வச்சிருக்கும், ஸ்டுட்கார்ட்காரங்க பட்டைய ஒரு குச்சில சுருட்டி வச்சு காந்தம் ஏத்துனாங்க, அதான் ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு பக்கம் திரும்புது, நம்ம மணலுக்கு அந்த பிடிப்பு கிடையாது.

வீட்ல சின்ன பிள்ளைங்க இருந்தா காந்தங்கள எண்ணி எடுத்து பரண் மேல வைங்க, ரெண்ட முழுங்கிட்டா குடலுக்குள்ள ஒண்ணை ஒண்ணு இழுத்து ஓட்டையே போட்டுரும்.