தீயில் வீடிழந்தவர்கள் மனையை அளக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

2025 ஜனவரி 7 அன்று மூண்ட ஈட்டன் தீ, கலிபோர்னியாவின் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் (மாவட்டம் போன்றது) ஆல்டடீனாவிலும் அதைச் சுற்றியும் 9,000-க்கும் மேற்பட்ட கட்டடங்களை அழித்தது. வீடு, வேலி, மரம் எதுவுமே மிஞ்சாத தெருவில் போய் நின்றால், நம் மனை எங்கே முடிகிறது என்று அங்கேயே பல வருஷம் குடியிருந்தவருக்கும் பிடிபடாது. பலர் முதலில் ஆர்க்கிடெக்டையும் காண்ட்ராக்டரையும் தேடுகிறார்கள். பர்மிட்டுக்கு அலையும்போதுதான் சர்வேயர் நினைவுக்கு வருகிறார். எனக்குத் தெரிந்து இதுதான் மற்ற தவறுகளுக்கெல்லாம் தாய்த் தவறு.

ஏனென்றால் எல்லைக்கு ஆதாரம் மண்ணில் பதித்த அடையாளங்கள்தான். மரக்குச்சி எரிந்துவிடும், பிளாஸ்டிக் மூடி உருகிவிடும், ஈயம் 327 டிகிரி செல்சியஸிலேயே உருகும். ஆனால் மண்ணுக்குள் புதைந்த இரும்புக் குழாய் பெரும்பாலும் தீயைத் தாங்கி நிற்கும். தீ விட்டுவைத்ததை அழிப்பது அதன் பிறகு வரும் இயந்திரம். அரசுச் செலவில் இடிபாட்டை அகற்றிய ராணுவப் பொறியாளர் படை, சாம்பல் கிடந்த இடத்தில் ஆறு அங்குலம் வரை மண்ணையும் சுரண்டி எடுத்தது. ஒப்புக்கொண்டவர்களின் அஸ்திவாரத்தையும் பெயர்த்தது. கனரக லாரிகள் ஏறி இறங்கினால் நடைபாதையும் உடையும். லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் பல மனைகளின் மூலைக்கு அடையாளமே அந்த நடைபாதையில்தான் இருக்கிறது: கான்கிரீட்டில் துளையிட்டு ஈயம் அடைத்து அறைந்த சின்ன ஆணி, அல்லது சர்வேயரின் லைசென்ஸ் எண் பொறித்த காசளவு பித்தளை வில்லை. தூசியைத் தட்டிப் பார்த்தால்தான் கண்ணுக்குத் தெரியும். இயந்திரம் வருமுன் அதைத் தேடிப் படமெடுங்கள், சுற்றிப் பெயின்ட் அடியுங்கள், வேலை செய்பவர்களின் மேற்பார்வையாளரிடம் காட்டிச் சொல்லுங்கள்.

மனையை ஏற்கெனவே சுத்தம் செய்துவிட்டார்கள் என்றாலும் கதி கலங்க வேண்டாம். தெருவிலும் பக்கத்து மனைகளிலும் மிஞ்சிய அடையாளங்களை வைத்து சர்வேயர் மூலைகளை மீட்டுவிடுவார். நேரமும் பணமும் கூடும், அவ்வளவுதான். ஒரே தெருவில் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரே சர்வேயரை வைத்துக்கொள்வது நல்லது. எல்லோருக்கும் ஒரே ஆதாரம் என்பதால் பின்னால் சச்சரவு வர வழி குறைவு.

அஸ்திவாரத்தை அளக்காமலே அகற்றவிடுவது அடுத்த தவறு. ஆளுநர் நியூசம் 2025 ஜனவரி 12 அன்று போட்ட உத்தரவின்படி, பழைய வீடு இருந்த அதே இடத்தில், அதன் தரைப்பரப்பிலும் உயரத்திலும் 110 சதவீதத்தைத் தாண்டாமல் கட்டினால் சுற்றுச்சூழல் ஆய்வு, கடற்கரை அனுமதி போன்றவற்றிலிருந்து விலக்கு உண்டு. அந்தச் சலுகைக்கு, பழைய வீடு எங்கே, எவ்வளவு பெரிதாக இருந்தது என்று தெரிய வேண்டும். அஸ்திவாரம் போய்விட்டதென்றால் பழைய பர்மிட் வரைபடங்களையும் வான்வழிப் படங்களையும் இப்போதே தேடி எடுத்து வையுங்கள்.

'இருபது வருஷமா வேலி இங்கேதான் இருந்தது' என்பது அடிக்கடி காதில் விழும் வாதம். கலிபோர்னியாவில் அது அவ்வளவு சுலபமாக எடுபடாது. பத்திரமும் வரைபடமும் எல்லையைத் தெளிவாகச் சொல்லும்போது, வேலி நெடுநாள் இருந்தது என்பதை மட்டும் வைத்து அதுவே ஒப்புக்கொண்ட எல்லை என்று கொள்ள முடியாது என 1994-இல் மாநில உச்ச நீதிமன்றம் பிரையன்ட் எதிர் பிளெவின்ஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. அனுபவ பாத்தியம், அதாவது நெடுநாள் அனுபவித்ததால் வரும் உரிமை, கோருவதானால் ஐந்து வருஷ அனுபவம் போதாது, அந்தத் துண்டு நிலத்துக்கு அத்தனை வருஷமும் வரியும் கட்டியிருக்க வேண்டும். அதற்காக எரிந்த வேலிக்கால்களைப் பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள். மூல அடையாளங்கள் காணாமல் போன பழைய மனைப்பிரிவுகளில் அதுவும் சர்வேயருக்கு ஒரு தடயம்.

தமிழ்நாட்டில் புலப்படத்தைப் பார்த்துப் பழகியவர்கள் கவுண்டியின் வரி வரைபடத்தையும் அப்படியே நம்பிவிடுகிறார்கள். அது வரி போடுவதற்காக வரைந்தது, எல்லைக்குச் சான்று ஆகாது. போன் ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே ஐந்து மீட்டர், அதாவது பதினாறு அடி வரை தவறலாம். பல இடங்களில் பக்கவாட்டில் விட வேண்டிய இடமே ஐந்து அடிதான்.

வரைபடத்தில் ஐம்பது அடி என்றிருக்க, சர்வேயர் ஐம்பது அடி இரண்டு அங்குலம் என்றால் அவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். முதலில் அளந்தவர் பதித்த அடையாளம் அசையாமல் இருந்தால் எழுதிய தூரத்தைவிட அதற்கே மதிப்பு அதிகம். அதனால்தான் பக்கத்து வீட்டு மூலையிலிருந்து நாமே டேப் பிடித்து அளப்பது ஆபத்து.

டிரோன் வைத்திருப்பவரெல்லாம் சர்வேயர் இல்லை. லைசென்ஸ் எண்ணைக் கேட்டு, சர்வேயர்களுக்கு லைசென்ஸ் தரும் மாநில வாரியத்தின் இணையதளத்தில் சரிபாருங்கள். சிவில் இன்ஜினியர்களில் 1982-க்கு முன் பதிவு பெற்றவர்களுக்கு மட்டுமே எல்லை அளக்கும் உரிமை உண்டு. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். மூலைகளில் நிலையான அடையாளம் பதிப்பாரா, கவுண்டியில் பதிவு செய்வாரா என்பதையும் அதிலேயே எழுதி வாங்குங்கள். மேடு பள்ளம் காட்டும் வரைபடத்தை மட்டும் குறைந்த விலைக்கு வாங்கிக்கொண்டு எல்லையை அளந்தாயிற்று என்று இருந்துவிடாதீர்கள். அதில் வரும் எல்லைக்கோடு பல சமயம் பழைய ஆவணத்திலிருந்து எடுத்து ஒட்டியதாக இருக்கும்.

மனையின் உரிமையையும் அதன்மேல் மற்றவர்களுக்குள்ள பாத்தியங்களையும் காட்டும் டைட்டில் ரிப்போர்ட்டையும் அளக்கும் முன்பே சர்வேயர் கையில் கொடுங்கள். பின்பக்கம் மின்கம்பிக்கோ சாக்கடைக்கோ ஒதுக்கிய பாத்தியம் இருந்தால் அது அதில்தான் தெரியும்.

பக்கத்து மனையில் வேறு சர்வேயர் அளந்து, இருவர் குச்சியும் ஓரடி தள்ளி நின்றால், இரண்டு சர்வேயர்களையும் ஒரே நாளில் அங்கே வரவழைத்துப் பேச வையுங்கள். எந்த அடையாளத்தை வைத்து அளந்தார்கள் என்று ஒப்பிட்டாலே பெரும்பாலும் விஷயம் விளங்கிவிடும். லாரியும் பொக்லைனும் குச்சிகளைத் தட்டிவிடுவது சகஜம் என்பதால், அஸ்திவாரத்துக்குக் கான்கிரீட் ஊற்றும் முன் மூலைகளை அவரே மறுபடி வந்து சரிபார்ப்பதற்கும் ஒப்பந்தத்தில் இடம் விடுங்கள்.