பி.ஜி. டாக்டர்களைக் கிளைச் சங்கத்துக்குள் கொண்டுவருவது எப்படி? தர்மபுரி, கிருஷ்ணகிரி செயலாளர்களுக்கு ஒரு செய்முறை

கூட்டத்துக்கு பி.ஜி.க்கள், அதாவது மருத்துவ முதுநிலைப் படிப்பில் இருக்கும் டாக்டர்கள், வருவதே இல்லை என்ற குறை இந்திய மருத்துவச் சங்கத்தின் (ஐ.எம்.ஏ.) கிளைகளில் அடிக்கடி கேட்கும். ஆர்வம் இல்லாமல் இல்லை. நேரம் ஒத்துவருவதில்லை, வந்தாலும் நாற்காலியை நிரப்புவதைத் தவிர வேலை இருப்பதில்லை. இந்த இரண்டையும் சரிசெய்தால் போதும். 2008-ல் தொடங்கிய தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரியை வைத்தே சொல்கிறோம். 2022-ல் தொடங்கிய கிருஷ்ணகிரி கல்லூரிக்கும் இதே முறை பொருந்தும்.

படி 1: முதலில் ரோஸ்டர், பிறகு தேதி

ஒவ்வொரு துறையின் மாத டியூட்டி ரோஸ்டரையும் சீனியர் பி.ஜி.யிடம் கேட்டு வாங்குங்கள். யூனிட்டில் புது நோயாளிகளைச் சேர்க்கும் அட்மிஷன் டே அன்று யூனிட்டை விட்டு நகர முடியாது. மறுநாள் மாலை கண் விழித்துக் கேட்கவும் முடியாது. இரண்டும் படாத வார நாளில், இரவு ஏழரை முதல் எட்டரை வரை வையுங்கள். இடம் கல்லூரி வளாகமாகவே இருக்கட்டும். பைபாஸ் ஓட்டலில் வைத்தால் போக வரவே ஒரு மணி நேரம் போய்விடும். ஞாயிறு காலையைத் தொடாதீர்கள். பலருக்கு ஊருக்குப் போக அது ஒன்றுதான் வழி.

படி 2: அனுமதி

டீனுக்கு ஒரு கடிதம், துறைத் தலைவர்களுக்கு அதன் நகல். இதை விட்டுவிட்டால், வந்த பி.ஜி. மறுநாள் ரவுண்ட்ஸில் பதில் சொல்ல வேண்டிவரும்.

படி 3: யாரைக் கேட்பது

முதலாண்டில் வார்டு வேலை பழகவே நேரம் போதாது. மூன்றாமாண்டில் தீசிஸ், தேர்வு. இரண்டாமாண்டுக்காரர்களைக் கேளுங்கள், அதுவும் பொறுப்புக்கு இருவராக. 3, 4 அல்லது 5-ஆம் செமஸ்டரில் மூன்று மாதம் மாவட்ட ரெசிடென்சி, அதாவது மாவட்ட மருத்துவமனைப் பணி, வரும். ஒருவர் வெளியே போஸ்டிங்கில் இருந்தால் மற்றவர் பார்த்துக்கொள்வார். அகில இந்திய ஒதுக்கீட்டில் வெளிமாநிலத்தவரும் இருப்பதால் அறிவிப்பு ஆங்கிலத்திலும் போகட்டும்.

படி 4: மேடையைக் கொடுங்கள்

பதிவு மேசையில் உட்காரவைப்பதும் பூங்கொத்து தூக்கவைப்பதும் வேண்டாம். மாதம் ஒரு கேஸ், எட்டு நிமிடம், ஆறு ஸ்லைடு, பிறகு பத்து நிமிடம் கேள்வி. அரூர், பாலக்கோடு பக்கம் கிளினிக் நடத்துபவருக்கு மறுநாளே பயன்படும் கேஸாக இருக்க வேண்டும்.

பாம்புக்கடியை எடுத்துக்கொள்ளுங்கள். விஷத்தால் ரத்தம் உறையாமல் போயிருக்கிறதா என்று பார்க்கும் இருபது நிமிட உறைதல் சோதனைக்கு இரண்டு மில்லி ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, அசைக்காமல் வைத்து, இருபதாவது நிமிடம் ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் குழாயிலோ சோப்புப் பவுடரில் கழுவிய குழாயிலோ எடுத்தால் நல்ல ரத்தமும் உறையாமல் நிற்கும். தேவையில்லாமல் விஷமுறிவு மருந்து ஏறிவிடும். இதை பி.ஜி. குழாயைக் கையில் வைத்துக் காட்டினால் மூத்த டாக்டர்களும் குறிப்பெடுப்பார்கள். அப்போதுதான் அவர் சங்கத்துக்குள் வந்ததாக அர்த்தம்.

ஸ்லைடுகளை முந்தைய நாளே வாங்கிப் பாருங்கள். எக்ஸ்ரேயை வியூ பாக்ஸில் வைத்து போனில் எடுக்கும்போது மூலையில் நோயாளியின் பெயரும் ஐ.பி. (உள்நோயாளி) எண்ணும் சேர்ந்து விழுந்துவிடும். அதை வெட்டாமல் திரையில் போடக் கூடாது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: கிளைக் கூட்டத்தில் பேசியது தேர்வுத் தகுதிக்குச் சேராது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 பி.ஜி. விதிப்படி, தம் துறையின் மாநில, மண்டல அல்லது தேசிய மாநாட்டில் போஸ்டரோ உரையோ வேண்டும். இல்லையேல் முதல் ஆசிரியராக ஒரு கட்டுரை வேண்டும். கிளை மேடை அதற்கு நல்ல ஒத்திகை. ஆண்டுக்கு ஐந்து நாள் கல்வி விடுப்பும் அந்த விதியிலேயே உண்டு. பலர் கேட்பதே இல்லை, நினைவூட்டுங்கள்.

படி 5: செயற்குழுவில் இடம்

இரண்டு இடம் கொடுங்கள். கிளை விதி இடம் தராவிட்டால் சிறப்பு அழைப்பாளராகவாவது கூப்பிடுங்கள். டியூட்டி அறை, இரவுப் பாதுகாப்பு, ஸ்டைபண்ட் தாமதம் ஆகியவற்றை ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் பொருளாக எடுத்து, என்ன செய்தோம் என்று மினிட்ஸில் எழுதுங்கள். இதைச் செய்யாத கிளையில் பி.ஜி.க்கள் நிலைப்பதில்லை.

படி 6: பணம்

மாநாட்டுப் பயணச் செலவைக் கிளை நிதியிலிருந்து கொடுங்கள். மருந்து கம்பெனியிடம் டாக்டர் பயணச் செலவு வாங்குவதை 2009-ல் நெறிமுறை விதிகளில் வந்த திருத்தம் தடுக்கிறது, பி.ஜி.யும் பதிவுபெற்ற டாக்டர்தான்.

படி 7: ஊர் மாறும்போது

படிப்பு முடிவதற்கு மூன்று மாதம் முன்பே, உறுப்பினரானவர்களின் கிளை மாற்ற விண்ணப்பத்தை நிரப்பி வாங்கி வையுங்கள். போன பிறகு போன் எண்ணும் மாறிவிடும், ஆளைப் பிடிப்பது கஷ்டம்.