தொப்பூர் ஏற்றத்தில் கொதித்த அம்பாசிடர்

அப்பாவின் பழைய பெட்ரோல் அம்பாசிடரில் மேட்டடார் வேனின் டீசல் எஞ்சின் ஏற்றி, ஆர்.சி.யிலும் பதிந்தாயிற்று. தர்மபுரி ஊருக்குள் ஓடும்வரை தொல்லையில்லை. சேலத்திலிருந்து திரும்பும்போது, தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் வெப்பமுள் சிவப்பைத் தொட்டுவிடும்.

தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், பெல்ட் எல்லாம் பார்த்தோம். சரியாகவே இருந்தன. எஞ்சின் தண்ணீரை ஆற்றும் ரேடியேட்டரை, பெட்ரோல் எஞ்சினுக்கு வந்ததையே அப்படியே விட்டதுதான் தவறு. டீசல் எஞ்சினுக்கு அது போதவில்லை.

"வண்டி பேரைச் சொல்லி ரேடியேட்டர் கேட்காதீங்க தம்பி, அளவைச் சொல்லிக் கேளுங்க" என்றார் மெக்கானிக் அண்ணன். டேப்பை எடுத்தோம். முன்சட்டத்தின் அகலம், உயரம், ஃபேனுக்கு முன்னால் இருக்கும் இடைவெளி, ஹோஸ்களின் விட்டம், அவை எந்தப் பக்கம் வருகின்றன என்பது வரை குறித்துக்கொண்டோம். ஹோஸ் பக்கம் மாறினால் ரப்பர் மடங்கி, தண்ணீர் ஓட்டமே தடைப்படும். இதை யாரும் அலட்சியம் செய்யக்கூடாது.

அலுமினியம் எடை குறைவுதான். ஆனாலும் செம்பு, பித்தளையில் செய்ததையே எடுத்தேன். ஓட்டை விழுந்தால் ஈயம் வைத்து இங்கேயே அடைத்துக்கொள்ளலாம். கோர், அதாவது ரேடியேட்டரின் நடுவில் தண்ணீர் ஓடும் குழாய்த் தொகுதி, மூன்று வரிசை. நான்கு வரிசை வைக்க எனக்கும் ஆசை, ஆனால் ஃபேன் உரசும்.

அப்புறம் ஃபேனைச் சுற்றித் தகரத்தில் புதுக் கூடு வளைத்தோம். கூடு இல்லாவிட்டால் ஃபேன் எதிரில் உள்ள வட்டத்தில் மட்டுமே காற்று நன்றாகப் போகும், கோரின் மூலைகள் வீண். கூலன்ட் ஊற்றியதும் மூடியைப் போடாமலே, ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து, காற்றுக் குமிழ் வருவது நிற்கும்வரை காத்திருந்தோம்.

போன சித்திரை வெயிலில் ஐந்து பேரோடு கணவாய் ஏறினேன். முள் நடுவிலேயே நின்றது.