மரப்பிடி சுத்தியல் வாங்குறப்போ எதைப் பாக்கணும்

விலை கம்மியான சுத்தியல்ல தலையை விட பிடியைத்தான் முதல்ல பாக்கணும்னு சொல்வேன். பிடியோட அடிமுனையைத் திருப்பிப் பாருங்க, அங்க மரத்தோட ரேகை கோடு கோடா தெரியும், அந்தக் கோடு தலை நீளுற திசையிலயே, அதாவது அடிக்கிற திசையிலயே ஓடணும், குறுக்க ஓடுனா பிடி சீக்கிரம் உடைய வாய்ப்பு அதிகம். அப்புறம் பக்கவாட்டுல பாருங்க, ரேகை மேலேர்ந்து கீழ வரைக்கும் நேரா வரணும், நடுவுல சாஞ்சு வெளிய ஓடிருந்தாலோ கழுத்துகிட்ட முடிச்சு இருந்தாலோ வேணாம். கெட்டியா பெயிண்ட் அடிச்ச பிடியை நான் தொடவே மாட்டேன், கீழ என்ன இருக்குன்னே தெரியாது.

அடுத்து, பிடியை ஒரு கையில இறுக்கிப் புடிச்சுட்டு தலையை இன்னொரு கையால ஆட்டிப் பாருங்க, துளி அசைஞ்சாலும் வச்சுடுங்க. மேல் ஓட்டைல மரம் இடைவெளி இல்லாம நிறைஞ்சு, ஆப்பு ஆழமா இறங்கிருக்கணும். சிலதுல இடைவெளியை பசை வச்சு மூடிருப்பாங்க, நகத்தால சுரண்டுனா தெரிஞ்சிடும். லூசா இருந்தா தண்ணில ஊறவைங்கன்னு சொல்வாங்க, நம்பாதீங்க, காஞ்சதும் முன்ன விட லூசாயிடும், தலை கழண்டு பறந்தா பக்கத்துல நிக்கிறவங்களுக்குத்தான் ஆபத்து.

அடிக்கிற முகம் லேசா உப்பலா, விளிம்பு சரிவா தேய்ச்சு இருக்கணும், கூரா விட்டிருந்தா சில்லு தெறிக்கும். ஆணி புடுங்குற பிளவு உள்ள போகப்போக குறுகணும், இல்லன்னா சின்ன ஆணி வழுக்கிடும். வீட்டு வேலைக்கு தலை 450 கிராம் கிட்ட இருந்தா போதும்.